தராசக்கா குறைத்து எழுதிய எட்டு கிலோ

அந்த மருத்துவமனையில் தராசக்கா எழுதிய எண்ணை யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். வெளிநோயாளிகள் கூடத்தின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. எடை பார்க்கத் தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடை, ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு நீல மைப் பேனா. இவ்வளவுதான் அவளுடைய ராஜ்யம். செருப்பு, சாவி, போன், பெல்ட் எல்லாம் கூடைக்குள் போய்விட வேண்டும். துணிக்கென்று எல்லோருக்கும் ஒரு கிலோ கழிப்பாள். கனத்த கோட்டுப் போட்டு வந்தாலும் ஒரு கிலோ, ஒற்றைச் சட்டையோடு வந்தாலும் ஒரு கிலோ. இதில் பேரம் கிடையாது.

நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு மேடையில் ஏற்றுவார்கள். அதற்காக ஒவ்வொரு சக்கர நாற்காலியின் முதுகிலும் அதன் எடையை வெள்ளைப் பெயின்டால் அவளே எழுதி வைத்திருந்தாள். எண் மங்கிய நாற்காலியை அறைக்குள் விடமாட்டாள். திங்கட்கிழமை காலையில் இரண்டு இருபது கிலோ இரும்புக் கட்டிகளைத் தூக்கி வைத்து மேடையைச் சோதிப்பாள். இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. அவளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஆள் ஒல்லி, நாக்கு மட்டும் நீளம்.

கனத்த உடம்புக்காரர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஆனால் பாதி உண்மைதான். முன்பு அறுவை அரங்கில் வேலை பார்த்தபோது, ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியிலிருந்து மேஜைக்கு மாற்ற ஆறு பேர் தூக்கியதும், அதில் ஓர் ஆள் அங்கேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் கண்ணால் கண்டது. அந்த ஆள் அரங்க உதவியாளர், எல்லோருக்கும் அண்ணன். முதுகெலும்பில் தகடு வைத்துக்கொண்டு இன்னமும் அதே வேலையில்தான் இருக்கிறார். பிறகு அகலக் கட்டில்கள் வந்தன, அகல நாற்காலிகள் வந்தன, கூடவே காத்திருப்போர் பட்டியலும் அகலமானது. "வாயைக் கட்ட முடியாதவங்களை ஊரே சேர்ந்து தூக்கணும்னா யாருக்குத்தான் முதுகு இருக்கு?" என்பாள். அவள் பேச்சைக் கேட்டு முகம் சுருங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மூட்டு மாற்று அறுவைக்கு நூற்றிருபது கிலோ என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு மேல் இருந்தால் புண் ஆறுவதில்லை, ஆள் திரும்பத் திரும்ப வந்து படுக்கிறார், ஒருவருக்கான கட்டில் மூன்று பேருடைய நாட்களை விழுங்குகிறது என்று காரணம் சொன்னார்கள். பட்டியலுக்கு ஆள் எடுக்கும் நாளில் எடை பார்த்து எழுதுவது தராசக்கா. அவள் பேனா சொல்வதுதான் தீர்ப்பு.

தப்பு நடந்தது அப்படி ஒரு நாளில்தான்.

அன்று கடைசிக்கு முந்தைய ஆளாக ஒரு தையல்காரம்மா வந்தாள். கால் மிஷினை மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்துபோனவள். மேடை நூற்றிருபத்திரண்டு காட்டியது. துணிக்கு ஒன்று போக நூற்றிருபத்தொன்று.

"ஒரே ஒரு கிலோக்கா," என்றாள் தையல்காரம்மா. "நேத்திலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை."

"தண்ணி குடிக்காம வந்து நிக்கிறதுக்குப் பேரு எடை குறைக்கிறது இல்லம்மா, ஏமாத்துறது. வீட்டுக்குப் போய் வாயைக் கட்டுங்க. அடுத்த தடவை பார்க்கலாம்."

 அந்த அம்மா கூடையிலிருந்த செருப்பை எடுத்துத் தரையில் போட்டாள். குனிய முடியாமல் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே போனாள். அடுத்த தடவை என்பது ஒரு வருஷத்துக்குப் பிறகு என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்து உள்ளே வந்தது தராசக்காவின் தம்பி.

தம்பிக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை. பதினெட்டு வருஷம் கிளட்சை மிதித்த இடது முட்டி இப்போது மடங்க மறுத்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் நூற்று நாற்பத்தாறு. அன்று மேடையில் நூற்றிருபத்தெட்டு நின்றது. துணி போக நூற்றிருபத்தேழு. பத்தொன்பது கிலோவை இறக்கியிருந்தான். கடை கடையாக வாசனை அடிக்கும் தெருக்களில் காலி வயிற்றோடு எட்டு மாதம் பஸ் ஓட்டியிருந்தான். கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. இன்னும் சில மாதத்தில் டிப்போவில் உடல்தகுதிப் பரிசோதனை. அதில் கால் தவறினால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

அவன் எண்ணைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். அவளுடைய நாக்குக்கு மறுப்பு சரளமாக வரும். கேட்காமல் நின்றவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பேனா நூற்றுப் பத்தொன்பது என்று எழுதியது.

"நாள் வர்றதுக்குள்ள இந்த எட்டையும் இறக்கிடுறேன்க்கா," என்றான் அவன். "உன் எழுத்து பொய்யாகாது. சத்தியம்."

இரண்டு மாதம் கழித்து நாள் வந்தது.

அன்று காலை ஏழே முக்காலுக்கு அரங்க உதவியாளர் அண்ணன், தராசக்காவின் தம்பியை அகல நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். லிப்ட்டுக்குப் போகும் வழி அவள் அறை வாசலைத் தாண்டித்தான். தம்பி பச்சை அங்கியில் இருந்தான், மடியில் ஒரு போர்வை. கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான்.

"உள்ள இதெல்லாம் ஆகாதாம். வெச்சுக்கக்கா."

"முதல் கேஸே நம்ம தம்பிதான்," என்றார் அண்ணன். "பெரிய டேபிள் நேத்துலேருந்து மக்கர். ஏத்தினா இறங்க மாட்டேங்குது. பழைய டேபிளைத் துடைச்சுப் போட்டிருக்கோம். நூத்தி முப்பது வரைக்கும் தாங்கும்னு அதுலயே போட்டிருக்கு. தம்பி நூத்திப் பத்தொன்பதுதானே, ஜாம் ஜாம்னு படுக்கலாம்."

நூற்றிருபத்தேழு என்றாலும் தாங்கும் என்று தராசக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கையிலிருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தாள். தோல் வாரில் நான்காவது துளை நைந்து விரிந்திருந்தது. எட்டு மாதப் பட்டினியில் அவன் எட்டிப் பிடித்த துளை அது. ஆனால் கொக்கியின் புதுத் தழும்பு நான்காவதில் இல்லை. வாரைத் தளர்த்திப் போடும் கடைசித் துளையில் இருந்தது. மணிக்கட்டு மறுபடி பருத்துவிட்டது.

"அண்ணே, நாற்காலியை உள்ள தள்ளுங்க."

"எதுக்கு? நீதான் எழுதியாச்சே."

"நாற்காலி நம்பர் மங்கியிருக்கு. சரிபார்க்கணும். நீங்க போய் லிப்ட்டைப் பிடிச்சு வைங்க."

எண் பளிச்சென்றுதான் இருந்தது. பத்தொன்பது. அண்ணன் அதைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. தராசக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "ரெண்டு நிமிஷம்தான். மேல டாக்டரம்மா கத்துவாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"வேண்டாம்க்கா," என்றான் தம்பி.

அவள் நாற்காலியை மேடைக்கு ஏற்றினாள். எண்கள் ஓடி நின்றன. நூற்று ஐம்பத்தொன்பது. நாற்காலிக்குப் பத்தொன்பது, துணிக்கு ஒன்று. நூற்று முப்பத்தொன்பது.

நாற்காலியின் முதுகில் எழுதிய எண்ணை அவள் இன்னொரு முறை பார்த்தாள். பத்தொன்பதுதான்.

"எட்டு கிலோ இறக்குறேன்னியே. பன்னிரண்டு ஏத்திட்டு வந்து நிக்கிறியே. உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"நாள் கிடைக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். கிடைச்சதும் கை நிக்கலை. ஒரு நாள்தானேன்னு ஒரு பன் தின்னேன். மறுநாள் ரெண்டு. அப்புறம் எடை மிஷின் இருக்கிற பக்கமே நான் போகலை. உன் மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருந்துச்சு."

"பயம் இருக்கிறவன் திம்பானா?"

"பயம் இருக்கிறவன்தான் திம்பான்," என்றான் தம்பி. "உனக்கு அது புரியாது. மூணு வேளையும் தட்டு நிறையத் தின்னுட்டு நீ எலும்பும் தோலுமா இருக்க. நான் பார்த்தாலே ஏறுது. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்க. ஒல்லியா இருக்கிறதுல உன் கெட்டிக்காரத்தனம் என்னன்னு சொல்லேன். இருபத்திரண்டு வருஷமா என்னவோ நீ விரதம் இருந்து சாதிச்ச மாதிரி இங்க உட்கார்ந்து எல்லாரையும் ஏசிட்டு இருக்க."

 இந்த அறையில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. பேசவிட்டால்தானே.

"மேல போய்ச் சொல்லப் போறேன்," என்றாள்.

"சொன்னா என் பேர் பட்டியல்ல இருக்காது. ஆபரேஷன் ஆகலைன்னா மாசக் கடைசியிலயே பரிசோதனை வெச்சிடுவாங்க. வேலை போச்சு. உன் வேலையும் சேர்ந்து போகும். ரெண்டு மணி நேரம்தான்க்கா. டேபிள் ஒண்ணும் ஒடிஞ்சு விழாது. என் உடம்பு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். செத்தா நான்தானே சாகப் போறேன்?"

"நீ மட்டுமா? அந்த டேபிளைச் சாய்ச்சு வெச்சு, உன் காலைத் தோள்ல தாங்கிட்டு நிக்கப் போறது யாருடா? அண்ணன். முதுகுல தகடு வெச்சிருக்கிற மனுஷன். அவர் கையெழுத்துப் போட்டாரா?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதவுக்கு வெளியே லிப்ட்டின் மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

தராசக்காவின் மூளை அப்போது மிக வேகமாக வேலை செய்தது. இதில் ஒரு சந்து இருக்கிறது. காலையில் அவன் டீ குடித்துவிட்டான் என்று சொன்னால் போதும். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கம் கொடுக்கமாட்டார்கள். திட்டிவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இருக்கும். பெரிய டேபிளும் அதற்குள் சரியாகிவிடும். அவளுடைய எழுத்தின் மேலும் கை படாது. தம்பியை உள்ளேயே விட்டு அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, லிப்ட்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். டீ குடிச்சுட்டான் டாக்டரம்மா. தெரியாம குடிச்சுட்டான்.

மயக்க மருந்து டாக்டரம்மா அரங்கத்து முன்னறையில் நின்றபடி காகிதத்தில் மருந்தளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வயதில் தராசக்காவின் மகள் போல இருப்பாள். ஆனால் அவள் பேசினால் முன்னறையே வாயை மூடிக்கொள்ளும். தட்டில் ஊசி மருந்துகள் வரிசையாக இருந்தன. உள்ளே பழைய டேபிள் தெரிந்தது. ஒடுக்கமாக, ஒற்றைக் காலில் நின்றது.

"வாங்கக்கா. தம்பி எங்க? நேரமாகுது," என்றாள் டாக்டரம்மா தலை நிமிராமல். "டேபிள் பழசுன்னதும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். திரும்ப ஒரு தடவை எடை பார்க்கச் சொல்லலாமான்னு. அப்புறம் பார்த்தா உங்க எழுத்து. சரி, வேண்டாம்னு விட்டுட்டேன். மருந்தும் அதை வெச்சுத்தான் போட்டிருக்கேன்."

 மூன்று மாடி ஏறும்வரை சரளமாக வந்த டீ இப்போது வரவில்லை. காகிதத்தில் நீல மையில் தராசக்காவின் கையெழுத்து, வளைவு வளைவாக, அழகாக.

"நூத்தி முப்பத்தொன்பது," என்றாள்.

"என்னது?"

"தம்பி எடை. இப்பதான் பார்த்தேன். நூத்தி முப்பத்தொன்பது. அன்னைக்கே நூத்தி இருபத்தேழு. நான் குறைச்சு எழுதினேன்."

டாக்டரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கத்தவில்லை. பேனாவை மூடினாள். தட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டாள்.

"எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கீங்க?"

"ஒருத்தனுக்குத்தான். என் புள்ளைங்க மேல சத்தியமா ஒருத்தனுக்குத்தான்."

"அதை நான் எப்படி நம்புறது?"

அவளால் அதற்கு என்ன சொல்ல முடியும்? இருபத்திரண்டு வருஷம் என்று சொல்லலாம். திங்கட்கிழமை இரும்புக் கட்டிகளைப் பற்றிச் சொல்லலாம்.  அண்ணன் லிப்ட்டிலிருந்து வந்து கதவருகே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. ஒரு கை தன்பாட்டில் இடுப்புக்குப் போயிருந்தது. அவர் அவளைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பழைய டேபிளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த மூன்று நாட்களில் பட்டியலில் இருந்த நாற்பத்தோரு பேரையும் வரவழைத்து வேறு ஆளை வைத்துத் திரும்ப எடை பார்த்தார்கள். வேலையை விட்டு வந்தவர்கள், ஆட்டோ பிடித்து வந்தவர்கள், மகளின் தோளைப் பிடித்து வந்தவர்கள் என்று வரிசை வாசல்வரை நின்றது. யாரிடமும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவோ குறையவோ ஒன்றிரண்டு கிலோ. இரண்டு மாதத்தில் யாருக்கும் நடப்பதுதான். அதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்த்ததுதான் வெட்கக்கேடு.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு புது உத்தரவு வந்தது. இனி எந்த எடைக்கும் இரண்டு கையெழுத்து. தராசக்கா எழுதுவாள், பதிவு அறை குமாஸ்தா எட்டிப் பார்த்துக் கீழே இன்னொன்று போடுவார். நல்ல மனிதர்தான். ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டே எட்டிப் பார்ப்பார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

தம்பிக்குப் பரிசோதனையில் கால் தவறியது. டிப்போ வாசலில் வண்டி எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அக்காவோடு பேச்சு இல்லை. கடிகாரத்தை வாங்கிக்கொள்ளக்கூட வரவில்லை. அது மேஜை இழுப்பறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.  இப்போது மேடையில் ஏறுகிறவர்களிடம் அவள் செருப்பு, சாவி, போன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாக்கு குட்டையாகிவிட்டது என்று கூடத்தில் கேலி பேசினார்கள். அவள் காதுக்கும் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பியின் இடம் காலியானதால் வரிசையில் விடுபட்டவர்களைக் கூப்பிடச் சொன்னார்கள். முதல் பெயர் தையல்காரம்மா.

வந்தாள். கைத்தடி புதிது. கூடையில் செருப்பைப் போட்டுவிட்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஓரத்துக் கம்பியைப் பிடித்து மேடையில் ஏறினாள். எண்கள் ஓடி நின்றன. நூற்றுப் பத்தொன்பது. துணி போக நூற்றுப் பதினெட்டு.

"இன்னைக்குத் தண்ணி குடிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள் தையல்காரம்மா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. பெருமைதான் இருந்தது.

குமாஸ்தா எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். "மன்னிச்சுக்கங்கக்கா," என்று சொல்லி எட்டிப் பார்த்தார்.

"இவர் எதுக்கு?" என்று கேட்டாள் தையல்காரம்மா. "வேண்டாம்ங்க. அக்கா எழுதினாப் போதும். அன்னைக்கு ஒரு கிலோவுக்கு என்னை எவ்வளவு கெஞ்ச விட்டாங்க தெரியுமா? வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் யோசிச்சேன். எனக்கு விடாதவங்க வேற யாருக்கும் விட்டிருக்க மாட்டாங்க. அந்த ஒரு நினைப்புலதான் நான் இந்த மூணு கிலோவை இறக்கினேன்."

குமாஸ்தா பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தராசக்கா சும்மா இருந்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

"விட்டேன்," என்றாள் தராசக்கா. "உங்களை அனுப்பிட்டு அடுத்த ஆளுக்கே விட்டேன். ஒரு கிலோ இல்லை, எட்டு கிலோ. என் தம்பிக்கு. நீங்க வெளியில போய் அந்த வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீங்க."

தையல்காரம்மா மேடையிலேயே நின்றாள். அவள் முகத்தில் வந்த கோபத்தைத் தராசக்கா நேராகப் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.  அந்த அம்மா குமாஸ்தா பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பார்த்து ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றாள். "நான் இறங்குறதுக்குள்ள போடுங்க."